ஒரு தம்ளர் தேநீர் முதல் ஒரு பவுன் தங்கம் வரை: கார்பன் தடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

வீட்டில் ஒரு தம்ளர் பால் தேநீர் போடும்போது, சூழலுக்குக் கேடு செய்வது எது என்று கேட்டால், பெரும்பாலோர் அடுப்பில் எரியும் நீலச் சுடரைத்தான் காட்டுவார்கள். நூறு மில்லி பாலும் நூறு மில்லி தண்ணீரும் கொதிப்பதற்கு ஏறத்தாழ மூன்று கிராம் சமையல் எரிவாயு போதும். அது எரிந்து வெளிவிடும் கரியமில வாயு பத்து கிராமுக்கும் குறைவு. தேயிலைத் தூளும் சர்க்கரையும் சேர்ந்து சில பத்து கிராம்களைக் கூட்டும். ஆனால் அந்த நூறு மில்லி பால், உலக சராசரிக் கணக்கின்படி, ஏறத்தாழ 300 கிராம் கரியமில வாயுவுக்கு இணையான வெப்பமூட்டும் வாயுக்களைக் காற்றில் விட்ட பிறகே நம் சமையலறைக்கு வந்து சேர்கிறது. கண்ணெதிரே எரியும் நெருப்பின் பங்கு மிகச் சிறியது. எங்கோ ஒரு தொழுவத்தில் அசைபோட்டுக்கொண்டிருக்கும் மாட்டின் வயிற்றில் உருவான வாயுவின் பங்கோ அதைப்போல் பல மடங்கு.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து அளந்தால் கணக்கு எவ்வளவு பிசகும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இந்தப் பிசகைத் திருத்துவதற்கென்று உருவான அளவுகோல்தான் கார்பன் தடம். ஒரு பொருள் உருவாகி, பயணப்பட்டு, பயன்பட்டு, குப்பையாக முடியும் வரையில், அல்லது ஒரு செயல் தொடங்கி முடியும் வரையில், அதன் பொருட்டுக் காற்றில் சேரும், வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுங்குடில் வாயுக்கள் அனைத்தையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வதே அதன் வேலை.

அந்த வாயுக்கள் எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல. மாட்டின் வயிற்றிலும் தண்ணீர் தேங்கிய நெல் வயலிலும் உண்டாகும் மீத்தேன், நூறு ஆண்டுக் கால அளவில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. நிலத்தில் இடப்படும் தழைச்சத்து உரங்களிலிருந்து வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 270 மடங்கு. எனவே ஒரு கிலோ மீத்தேன் வெளியானால், 28 கிலோ கரியமில வாயு வெளியானதாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். இனி இக்கட்டுரையில் இத்தனை கிலோ என்று நான் குறிப்பிடுவதெல்லாம் இப்படி மாற்றி எழுதப்பட்ட கிலோதான். மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டுகள் அளவே தங்குவதால், நூறு ஆண்டுகளுக்குப் பதிலாக இருபது ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் அந்த 28 என்பது 80ஐத் தாண்டிவிடும். எந்தக் கால அளவை எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்காமல் இரண்டு கணக்குகளை அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது.

வீட்டுக் கணக்கைப் போடுவதற்கு நான்கு எண்கள் போதும் என்பது என் அனுபவம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கம்பிகளில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், வீட்டுக்கு வந்து சேரும் யூனிட்டுக்கு இது இன்னும் சற்றுக் கூடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ, ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் 3 கிலோ. முக்கால் கிலோகூட எடையில்லாத ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து இரண்டே கால் கிலோவுக்கு மேல் எப்படி வாயு வரும் என்ற ஐயம் எழுவது இயல்பே. பெட்ரோலில் உள்ள கார்பன் தனியாக வெளியேறுவதில்லை. எரியும்போது அதன் ஒவ்வோர் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. பன்னிரண்டு பங்கு எடையுள்ள கார்பன், முப்பத்திரண்டு பங்கு எடையுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாற்பத்து நான்கு பங்கு எடையுள்ள கரியமில வாயுவாகிவிடுகிறது. கூடுதல் எடை முழுவதும் நாம் மூச்சுவிடும் காற்றிலிருந்து வந்ததே.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். கைப்பேசியை ஒருமுறை முழுமையாக மின்னேற்ற, இழப்புகளையும் சேர்த்து, ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு போதும். நாள்தோறும் ஏற்றினாலும் ஆண்டு முழுவதற்கும் ஒன்பது யூனிட், அதாவது ஆறு கிலோவுக்குச் சற்று மேல். ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒன்று இரவில் எட்டு மணி நேரம் ஓடினால், மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டாலே எட்டு யூனிட் ஆகிவிடுகிறது. ஓர் ஆண்டு முழுவதும் கைப்பேசிக்கு ஏற்றும் மின்சாரமும் ஓர் இரவு ஏ.சி. குடிக்கும் மின்சாரமும் ஏறத்தாழ ஒன்றே. இரவில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றாமல் விட்டதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் வீட்டில், ஏ.சி. 18 டிகிரியில் ஓடிக்கொண்டிருப்பதுண்டு. வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இந்தியாவில் விற்கப்படும் வீட்டுக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியை இயல்பு நிலையாகக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி வந்ததற்கும் இதுவே காரணம். மின்விசிறியோ எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட்டோடு நின்றுவிடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் வகை விசிறியானால் அதிலும் பாதிக்குக் குறைவு.

இணையத்தில் ஒரு மணி நேரம் காணொளி பார்ப்பதற்கு உலக சராசரியாகச் சுமார் 36 கிராம் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டிருக்கிறது. அதே ஒரு மணி நேரம் தலைக்கு மேல் சுழலும் சாதாரண மின்விசிறிக்கு 50 கிராமுக்கு மேல் ஆகிறது. காணொளி பார்ப்பது பூமியை அழிக்கிறது என்று அவ்வப்போது வரும் செய்திகளை இந்த அளவில் வைத்துப் பார்ப்பது நல்லது.

குளிர்சாதனத்தைப் பற்றிப் பேசும்போது மின்சாரத்தோடு நிறுத்திவிட முடியாது. அதன் செப்புக் குழாய்களுக்குள் சுற்றிவரும் குளிர்பதன வாயுவும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுதான். ஆர்-410ஏ என்ற வகை ஒரு கிலோ கசிந்தால், அது இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். பழைய ஆர்-22 வகையில் 1.8 டன், இப்போது பரவலாக வரும் ஆர்-32 வகையில் ஏறத்தாழ 0.7 டன். ஆண்டுதோறும் கோடை வந்ததும் கேஸ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக் வந்து நிரப்பிச் செல்வதைப் பலர் இயல்பான பராமரிப்பு என்றே நினைக்கிறார்கள். மூடிய குழாய்க்குள் இருக்கும் வாயு செலவாவதில்லை, கசியத்தான் செய்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலும் மேலும் நிரப்பினால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒரு கிலோ ஆர்-410ஏ, ஒரு காரை 13,000 கிலோமீட்டர் ஓட்டியதற்கு இணையான சுமையைக் காற்றில் ஏற்றிவிடுகிறது. இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே ஒருவர் இக்கட்டுரையைப் படித்தாலும் எனக்கு நிறைவுதான்.

அந்தக் கார் கணக்கு எங்கிருந்து வந்தது? லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் வெளிவிடுகிறது. லிட்டருக்கு ஐம்பது தரும் இருசக்கர வாகனம் 46 கிராம். மின்சார ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 25 கிராம் அளவில் நிற்கும், ஏனெனில் நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பேருந்து, தனியாகப் பார்த்தால், இவை எல்லாவற்றையும்விட அதிகம் புகை கக்கும் வண்டியாகத் தோன்றும். ஆனால் அதன் 675 கிராமை நாற்பது பேர் பகிர்ந்துகொள்ளும்போது ஓர் ஆளுக்கு 17 கிராம்தான் விழுகிறது. ஒப்பிட வேண்டியது வண்டிகளை அல்ல, ஓர் ஆள் ஒரு கிலோமீட்டர் செல்வதற்கு ஆகும் அளவை. இப்படிப் பார்த்தால் நால்வர் நிறைந்த கார், ஒருவர் மட்டும் செல்லும் பைக்கைவிடச் சற்றுக் குறைவாகவே வெளிவிடுகிறது என்ற எதிர்பாராத முடிவும் கிடைக்கும்.

சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 460 கிலோமீட்டர். தனி ஒருவர் காரில் சென்றால் 70 கிலோ, பேருந்தில் சென்றால் எட்டு கிலோ, ரயிலில் அதற்கும் குறைவு. சென்னையிலிருந்து தில்லிக்கு விமானத்தில் பறந்தால் ஒருவருக்கு 150 முதல் 200 கிலோ வரை ஆகும். லண்டனுக்குப் போய்த் திரும்பினால், சாதாரண வகுப்பிலேயே ஒரு டன்னைத் தாண்டிவிடும். விமானம் கிலோமீட்டர் கணக்கில் தனி ஆள் ஓட்டும் காரைவிட மோசம் என்று சொல்ல முடியாது. காரில் ஒரு மாதம் ஓட்டக்கூடிய தொலைவை விமானம் அரை நாளில் கடந்துவிடுவதுதான் அதன் கணக்கைப் பெரிதாக்குகிறது. உயரப் பறக்கும்போது வானில் விட்டுச் செல்லும் வெண்ணிறக் கோடுகளும் தம் பங்குக்கு வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றன, இந்த எண்களில் அது சேரவில்லை.

இனி உணவு. இதில் உலகெங்கும் பலராலும் எடுத்தாளப்படும் தரவு, ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. அதன்படி உலக சராசரியாக ஒரு கிலோ உருளைக்கிழங்குக்கு அரை கிலோ, பட்டாணி போன்ற பயறுகளுக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் மூன்று கிலோ, ஒரு கிலோ அரிசிக்கும் ஒரு கிலோ முட்டைக்கும் நான்கு முதல் ஐந்து கிலோ, கோழி இறைச்சிக்கு அதைவிடக் கூடுதல், ஆட்டிறைச்சிக்கு அதைப்போல் பல மடங்கு, இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்கு அதற்கும் மேல். இவை சராசரிகள். ஒரே பொருளை விளைவிக்கும் இரண்டு பண்ணைகளுக்கு இடையிலேயே பல மடங்கு வேறுபாடு உண்டு என்பதையும் அந்த ஆய்வே அழுத்தமாகச் சொல்கிறது.

நம் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்து பார்ப்போம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் ஏறத்தாழ 43 கிலோ கரியமில வாயு. ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் வாங்கும் குடும்பத்துக்கு 340 கிலோ. அதே குடும்பம் நாளுக்கு ஒரு லிட்டர் பால் வாங்கினால் ஆண்டுக்கு 1,100 கிலோ. பால் கணக்கு எரிவாயுக் கணக்கைப்போல் மூன்று மடங்கு. இதைச் சொன்னதும் குழந்தைக்குப் பாலை நிறுத்தலாமா என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. வளரும் குழந்தைக்கு அந்தப் பால் எதைத் தருகிறதோ, அதை அடுப்பின் நெருப்போடு ஒப்பிட்டு எடைபோட முடியாது. இது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கணக்கு மட்டுமே.

அரிசியின் எண் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வாய்ப்பு அதிகம். ஒரு கிலோ அரிசி ஏறத்தாழ 3,500 கலோரி தருகிறது, ஒரு கிலோ தக்காளி 200 கலோரிகூடத் தருவதில்லை. எடைக்கு எடை வைத்தால் தக்காளி நல்ல பிள்ளையாகத் தெரியும், ஆனால் தக்காளியைத் தின்று யாரும் வயிறு நிரப்புவதில்லை. புரதத்துக்காகச் சாப்பிடும் பருப்பையும் முட்டையையும் கோழியையும் புரதத்தின் அளவில்தான் ஒப்பிட வேண்டும். பருப்பு அந்தப் போட்டியிலும் முந்தியே நிற்கிறது என்பதால், சாம்பாரும் சுண்டலும் நம் உணவில் நிலைத்துவிட்டதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன். அரிசியின் தடத்தில் பெரும்பகுதி மீத்தேன். வயலில் தண்ணீர் ஓயாமல் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்றுப் புகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அழுகும் பொருட்களை மீத்தேனாக மாற்றுகின்றன. உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக என்று சொல்லும் முறையில், நிற்கும் நீர் மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றியதும் மறுபடி நீர் கட்டினால், இடையில் மண்ணுக்குள் ஆக்சிஜன் இறங்கி அந்த நுண்ணுயிரிகளை ஒடுக்கிவிடும். மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையக்கூடும், தண்ணீரும் மிஞ்சும். ஒரே அரிசி எந்த வயலில் விளைந்தது என்பதைப் பொறுத்து அதன் தடம் மாறுகிறது, கடையில் மூட்டையைப் பார்த்து அதை அறிய வழியில்லை.

உணவு வெகுதூரத்திலிருந்து வந்தால் கேடு மிகுதி என்ற நம்பிக்கையும் கணக்கிட்டுப் பார்க்கத் தக்கது. ஒரு டன் சரக்கை லாரியில் ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்ல ஏறத்தாழ 100 கிராம் ஆகும். ஒசூர்ப் பக்கத்திலிருந்து 300 கிலோமீட்டர் பயணப்பட்டுக் கோயம்பேட்டில் இறங்கும் ஒரு கிலோ தக்காளியின் பங்குக்கு விழுவது 30 கிராம். அந்த ஒரு கிலோவை வாங்குவதற்கென்றே மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் சந்தைக்கு ஒருவர் பைக்கில் போய்த் திரும்பினால் 276 கிராம். முந்நூறு கிலோமீட்டரைவிட அந்த மூன்று கிலோமீட்டர் கனமாக இருக்கிறது. பெரும்பாலான உணவுகளில் போக்குவரத்தின் பங்கு பத்து விழுக்காட்டுக்கும் குறைவுதான். விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரும் பழங்களும் காய்களும் இதற்கு விலக்கு.

வாங்கும் பொருட்கள் சிலவற்றில், பயன்படுத்துவதைவிட அவற்றைச் செய்வதற்கே கூடுதலாக ஆகிறது. கைப்பேசியை ஓர் ஆண்டு மின்னேற்ற ஆறு கிலோ என்று பார்த்தோம். அதைச் செய்து முடிப்பதற்கே 50 முதல் 80 கிலோ வரை செலவாகியிருக்கிறது. ஆகவே மின்னேற்றுவதில் சிக்கனம் பார்ப்பதைவிட, அதே கைப்பேசியை இரண்டு ஆண்டு கூடுதலாக வைத்துக்கொள்வதே பலன் தரும். லீவைஸ் நிறுவனம் தன் ஜீன்ஸ் ஒன்றைப் பருத்தி வயலிலிருந்து இறுதி வரை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட அறிக்கையில் 33 கிலோ என்று கணக்குக் காட்டியது. அதில் வாங்கியவர் துவைத்து உலர்த்தும் செலவும் அடக்கம். வெயிலில் கொடியில் உலர்த்தும் நம் வீடுகளில் அந்தப் பங்கு குறைவாகவே இருக்கும்.

தங்கத்தின் எண்ணைக் கேட்டால் பலரும் வியப்பார்கள். சுரங்கத்திலிருந்து புதிதாக எடுக்கும் தங்கத்துக்கு ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 30 கிலோ. ஒரு டன் பாறையைத் தோண்டி அரைத்தால் பெரும்பாலும் சில கிராம் பொன்தான் கிடைக்கும். அந்தத் தோண்டலுக்கும் அரைப்புக்கும் ஆகும் டீசலும் மின்சாரமுமே இதற்குக் காரணம். எட்டு கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு 240 கிலோ, பத்துப் பவுனுக்கு 2.4 டன். பாட்டியின் பழைய வளையலை உருக்கிப் புதிய நகை செய்தால் இதில் மிகச் சிறு பங்கே ஆகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எண் சொந்த வீட்டில் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 400 மூட்டை சிமென்டும் நான்கு டன் கம்பியும் பிடிக்கும் என்பது கட்டுமானத்தில் இருப்பவர்கள் கைக்கணக்காகச் சொல்வது. ஐம்பது கிலோ மூட்டை சிமென்டுக்கு 30 கிலோ அல்லது அதற்கு மேல். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லுக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயுவே வெளியேறுவதால், சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் இதைப் பாதிக்கு மேல் குறைக்க முடிவதில்லை. சிமென்டுக்கு மட்டும் 12 டன், கம்பிக்குக் குறைந்தது எட்டு டன், செங்கல் தனி. இந்த 20 டன்னை ஐம்பது ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 400 கிலோ என்று அடங்கிவிடும். ஆனால் இருபது ஆண்டில் இடித்துவிட்டு மாடி வைத்து மறுபடி கட்டினால் அந்தப் பகிர்வு பொய்யாகிவிடுகிறது.

இதுவரை பார்த்தவற்றில் எந்த எண்ணையும் துல்லியமானது என்று நம்பிவிடக் கூடாது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு ஆய்வும் ஓர் எல்லைக்கோடு வகுத்துக்கொள்கிறது. மேலே பெட்ரோலுக்கு 2.3 கிலோ என்று சொன்னதில், கச்சா எண்ணெயைத் தோண்டிச் சுத்திகரித்த செலவு இல்லை. பாலின் மூன்று கிலோவில் தீவனம் விளைந்த வயலும் இருக்கிறது. ஆகவே 300 கிராமா 350 கிராமா என்று வாதிடுவதால் பயனில்லை. ஒரு செயல் கிராமில் அளக்கத் தக்கதா, கிலோவில் அளக்கத் தக்கதா, டன்னில் அளக்கத் தக்கதா என்பதை அறிந்தாலே போதும். சார்ஜர் கிராம் கணக்கு. பேருந்துப் பயணம் கிலோ கணக்கு. வெளிநாட்டு விமானமும் ஏ.சி.யின் வாயுக் கசிவும் வீட்டின் சிமென்டும் டன் கணக்கு.

கார்பன் மட்டுமே தீங்கின் அளவும் அல்ல. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை மேலானதாக வேண்டுமென்றால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கண்டார்கள். கார்பன் அளவில் அது உண்மையே. ஆனால் மாட்டின் வயிற்றில் சிக்கும் பிளாஸ்டிக்கையும், மழைநீர் வடிகாலை அடைக்கும் பிளாஸ்டிக்கையும் அந்த 131 என்ற எண் அறியாது. தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக் தடைசெய்யப்பட்டதும், 2021 இறுதியில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கம் தொடங்கியதும் அந்தச் சிக்கலுக்காகத்தான். வாரம் இருமுறை சந்தைக்கு எடுத்துச் செல்லும் மஞ்சள் பை, பதினைந்து மாதங்களுக்குச் சற்று மேலானதும் 131ஐத் தாண்டிவிடும். திருமண வீட்டில் கொடுத்த பைகள் பத்து அலமாரியில் மடித்தபடி கிடந்தால் ஒருபோதும் தாண்டாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கார்பன் தடம் என்ற சொல்லைப் பொதுமக்களிடையே பரப்பியதில், 2000களின் நடுவில் பி.பி. என்ற எண்ணெய் நிறுவனம் செய்த விளம்பரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எண்ணெயைத் தோண்டி விற்பவரின் பொறுப்பு, அதை வாங்குபவரின் குற்ற உணர்வாக மாற்றப்படுகிறது என்ற விமர்சனத்தை நான் ஏற்கிறேன். ஆளுக்கு ஆண்டுக்கு வெளியாகும் கரியமில வாயு இந்தியாவில் சுமார் இரண்டு டன், உலக சராசரி ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு, அமெரிக்காவில் ஏறத்தாழ 14 டன். அந்த இந்திய இரண்டு டன்னும் ஒரு சராசரியே. ஒரே தெருவில், ஒற்றை விசிறியோடு வாழும் குடும்பமும் நான்கு ஏ.சி. ஓடும் குடும்பமும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அளவுகோலை யார் பரப்பினார்கள் என்பதால் அளவுகோல் பொய்யாகிவிடாது, ஆனால் அதை முதலில் யார் மீது வைத்து அளக்க வேண்டும் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

உங்கள் வீட்டில் தொடங்க விரும்பினால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணக் கணக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள யூனிட்டை 0.7ஆல் பெருக்குங்கள். 500 யூனிட் என்றால் 350 கிலோ. கூரையில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு வைத்தால் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் குறையும். காற்றாலைகளும் சூரியப் பூங்காக்களும் பெருகப் பெருக அந்த 0.7 என்ற பெருக்கெண் சுருங்கும். அப்போது இன்று நிலக்கரியைச் சுமந்து ஓடும் மின்சார ஸ்கூட்டரின் 25 கிராம், அதே வண்டி, அதே சாலையில், உரிமையாளர் எதுவும் செய்யாமலேயே குறைந்துகொண்டு போகும். பெட்ரோல் வண்டியின் 46 கிராம் அப்படிக் குறையாது. பாலின் மூன்று கிலோவும் அரிசியின் நான்கு கிலோவும் மின்கம்பியோடு இணைந்தவை அல்ல என்பதால், அவை குறைவதற்கு மாட்டின் தீவனத்திலும் வயலின் மடையிலும்தான் மாற்றம் வர வேண்டியிருக்கிறது.